குத்தகை நிலத்தில் கொல்லாமை



வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் வாழ்ந்து வரும் தமிழ்ச் சமணர்க்கு உழவு வழிவழி வந்த தொழில். ஆதிபகவன் மாந்தர்க்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று எனச் சமண மரபு கூறும். அத்தொழிலில் உயிர்க்கேடு உண்டென்பதை அம்மரபு ஒருபோதும் மறைத்ததில்லை. கொழுமுனையில் புழு மடிகிறது. பாய்ச்சிய நீரில் எறும்பு மிதக்கிறது. ஆதலின் இல்லறத்தார்க்கு நேரும் இம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்தனர் ஆன்றோர். கொல்லவேண்டுமென்று கருதிக் கொல்லும் சங்கல்ப இம்சையை முற்றும் விலக்கவும், சமையலிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் ஏனையவற்றை இயன்ற அளவு குறைக்கவும் பணித்தனர்.

இப்பகுப்புக்கு இந்நாளில் காட்டுப்பன்றி ஒரு கடுஞ்சோதனையாக வந்து நிற்கிறது.

பன்றிக்குக் கண்பார்வை மட்டு, மோப்பமோ அளவற்றது. மண்ணுக்குள் முற்றிய மல்லாட்டையின் மணத்தைத் தொலைவிலிருந்தே அறியும். கூட்டமாக இரவில் இறங்கினால், விடிவதற்குள் கால்காணி நிலம் உழுதுபோட்டதுபோல் ஆகிவிடும். தின்றதைவிடக் கிளறிக் கெடுத்ததே மிகுதி. ஓர் ஈற்றில் நான்கு, ஐந்து, சில வேளை அதனினும் மிகுந்த குட்டிகளை ஈனும். குட்டிகளைத் தின்னும் நரி அருகிவிட்டது. ஏரிகளிலும் ஓடைக்கரைகளிலும் மண்டிய சீமைக்கருவேலும், பத்துத் திங்கள் வெட்டப்படாது நிற்கும் கரும்பும் அதற்குக் காடாகிவிட்டன. மலையிலிருந்து பன்றி வருகிறது என்று சொல்வது பல ஊர்களில் இப்போது பொருந்தாது. அது ஊரிலேயே பிறந்து ஊரிலேயே வளர்கிறது.

மயிலின் செய்தி வேறு. அறவோர் கையிலுள்ள பீலி, மயில் தானே உதிர்த்த இறகாலானது. ஆதலின் சமண இல்லங்களில் மயிலைக் கண்டால் ஓர் உவகை உண்டு. 1963இல் நாட்டின் பறவையாக அறிவிக்கப்பட்ட அம்மயில், விதைத்த கடலையையும் முளைத்த பயறையும் பொறுக்கித் தின்பது கண்டு உழவர் கலங்குவதும் உண்மை. தோட்டத்தில் நஞ்சு கலந்த தானியத்தைத் தின்று மயில்கள் மடிந்து கிடந்தன என்னும் செய்தி நாளேடுகளில் வராத ஆண்டில்லை.

பன்றிக்கு வைப்பது நஞ்சன்று, பெரும்பாலும் கம்பி. வயல் ஓரத்தில் குச்சிகளை நட்டு, ஆடில்லாத வெறுங்கம்பியைச் சுற்றி, இரவில் மோட்டார்க் கொட்டகையிலிருந்து மின்சாரத்தை நேரே அதில் செலுத்துவது. அக்கம்பி ஆளறியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளியருகே, பயிர்காக்க இட்ட சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன; உடன்வந்த இரு குட்டிகள் பிழைத்துத் தாயரைச் சுற்றிச்சுற்றி நின்றன. 2020 மே மாதத்தில் பாலக்காட்டு வெள்ளியாற்றில், வெடிவைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த சூல்யானை ஒன்று நீருக்குள்ளேயே நின்று உயிர்விட்டதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இரவில் மடை திருப்பப் போன பக்கத்து நிலத்துக்காரரும், கம்பியிட்டவரின் வீட்டாருமேகூட அவ்வாறு இறந்துபோயிருக்கின்றனர். நடப்பது விலங்கின் மீது பாய்ந்த தற்காப்பு என்று சொல்லி இதனை விரோத இம்சையில் அடக்குவார் உண்டு. கம்பியை வாங்கி, இருட்டியபின் இணைத்து, விடியுமுன் கழற்றி ஒளிக்கும் செயலில் எங்கே தற்காப்பு? அது முழுச் சங்கல்பம்.

இனி, இந்த அவையிலுள்ள குடும்பங்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்று. நயினார் இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டனர். நிலம் ஊரில் இருக்கிறது, உழுபவர் குத்தகையாளர். ஆண்டுக்கு இத்தனை மூட்டை, அல்லது இவ்வளவு தொகை என்று வாய்ச்சொல்லாகவே பேச்சு முடிகிறது. நிலத்துக்குரியவர் இரவுணவு நீக்கி, கிழங்கு நீக்கி, வடிகட்டிய நீர் பருகி வாழ்கிறார். அவர் நிலத்தின் வரப்பில் கம்பி ஓடுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்பதில்லை, கேட்டால் குத்தகை குறையும் என்பது உள்ளே இருக்கும் அச்சம். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் ஒருநிறையாகக் கருதும் அறநெறியில், அந்தக் கேளாமைக்குப் பெயர் யாது?

குத்தகையாளரைக் குறைசொல்வதும் நேர்மையாகாது. பன்றி தின்றாலும் மூட்டை அளக்கவேண்டும். விதைக்கடன் அவர் தலையில். பயிர்ச்சேதத்துக்கு வனத்துறை நிவாரணம் உண்டெனினும், பட்டாவும் அடங்கலும் வேறொருவர் பெயரில் இருக்க, வாய்மொழிக் குத்தகையாளர் எந்தச் சான்றைக் காட்டி விண்ணப்பிப்பார்? கொல்லாமையின் முழுச்செலவையும் ஓர் ஏழையின் மேல் வைத்துவிட்டு, அதன் புகழை மட்டும் உரியவர் எடுத்துக்கொள்வது முறையன்று.

அரசு வழி ஒன்று உண்டு. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடலாகாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம் எனத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் வகுத்தது. பன்றியைச் சுட உழவருக்கு அதில் உரிமை இல்லை. சுடுவதை வேண்டி மனுக்கொடுக்கவும் சமண உள்ளம் கூசும். ஆகவே எஞ்சுவது வேலியே.

சூரிய ஒளியில் இயங்கும் மின்வேலி கொல்வதில்லை. நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை, கண்ணிமைப்பினும் குறைந்த நேரம் மின்துடிப்பு பாயும். பட்ட விலங்கு அலறித் திரும்பும். பன்றிக்கு எனில் தாழ்ந்த கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திற்குள் இருத்தல் வேண்டும். அவ்வளவு தாழ்ந்திருப்பதாலேயே புல் வளர்ந்து தொட்டு மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். வேலி பயனற்றது என்று கைவிட்ட பலர், உண்மையில் கைவிட்டது புல்வெட்டும் கூலியைத்தான். மின்கலத்தின் ஆயுளும் சில ஆண்டுகளே. இத்தகைய வேலிகளைப் பதிவு செய்வதற்கு மாநிலத்தில் 2023இல் விதிகள் வந்துள்ளன. வனத்துறையைக் கேட்டே அமைத்தல் நலம். வேலிக்கு வழியில்லாத இடத்தில் மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கும், கடலையைச் சுற்றி முள்ளுடைய குசும்பாவும் வரிசையாக விதைக்க வேளாண் ஆய்வாளர் சொல்கின்றனர். ஆமணக்கு பன்றிக்கு உணவாகாது. உள்ளிருக்கும் பயிரின் மணத்தையும் அதன் வாடை மறைக்கும். முழுக்காவல் இதில் இல்லை, சேதம் குறையும்.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அதனை நிலத்துக்குரியவரே ஏற்கவேண்டும். குத்தகை பேசும்போதே மூன்றைச் சொல்லிவிடலாம்: வரப்பில் கம்பியும் நஞ்சும் கூடாது; வேலிச்செலவு உரியவருடையது, புல்வெட்டுவது உழுபவருடையது; விலங்கு அழித்த பங்குக்கு மூட்டை அளக்கவேண்டியதில்லை. வாய்மொழியாக விடாமல் தாளில் எழுதிக் குத்தகையாளர் கையிலும் ஒன்று கொடுத்தால், நிவாரணம் கேட்கவும் அது உதவும். ஊரிலுள்ள ஜினாலயங்கள் சிலவற்றுக்கும் நிலம் உண்டு. அந்நிலத்திலிருந்து வரும் நெல்லே அருகன் திருமுன் அக்ஷதையாகிறது. வரும் ஆடிப்பட்டத்துக்கு முன்னர், அறங்காவலர்கள் இருட்டிய பின் ஒருமுறை அவ்வரப்புகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதல் குத்தகைத் தாளை அங்கேயே எழுதத் தொடங்கலாம்.