கான்வென்ட்டா, பக்கத்துப் பள்ளியா?

(புக்கிட் பாஞ்சாங் வட்டாரப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, இன்று புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் உங்களிடையே பேச எங்களை அழைத்தமைக்கு நன்றி. நாங்கள் தோட்டத்துக் கிராணிகள், சங்கத்து ஊழியர்கள், தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது போலவே இந்த விஷயத்தையும் பார்க்கப் போகிறோம். வரவு என்ன, செலவு என்ன என்று கேட்பதில் குற்றமில்லை அல்லவா?

அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றில் சேர வேண்டிய பிள்ளை வீட்டில் இருக்கிறது. செஸ்நட் டிரைவில் கத்தோலிக்கப் பெண்கள் தொடக்கப்பள்ளி ஒன்று இருக்கிறது. சமாதான அரசியான அன்னையின் பெயர் கொண்ட கான்வென்ட் அது. மறுபுறம், பிளாட்டை விட்டு இறங்கினால் சர்க்கார் பள்ளிகள்: புக்கிட் பாஞ்சாங், ஜெங்ஹுவா, பீக்கன், கிரீன்ரிட்ஜ், வெஸ்ட் ஸ்பிரிங், வெஸ்ட் வியூ. எதில் சேர்ப்பது? இதுதான் நீங்கள் கேட்ட கேள்வி.

கான்வென்ட் என்ற சொல்லுக்கு நம்மவர் மனத்தில் ஒரு தனி மதிப்பு உண்டு. அது வந்த வழியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. துரைமார் வைத்தார்கள். எப்படி வைத்தார்கள்? பல இடங்களில் ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை. மாலையில் கடிதம் எழுதிக் கொடுக்கும் யாராவது ஒருவர்தான் ஆசிரியர். அங்கே படித்த பிள்ளை மறுபடியும் பால் மரத்தடிக்கே வந்து சேர்ந்தது. பட்டணத்துக் கான்வென்ட்டோ ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தது. அதற்குச் சம்பளம் கட்ட வேண்டும், சீருடை வாங்க வேண்டும், பஸ் செலவு வேறு. ஆகவே பெரிய கிராணி வீட்டுப் பெண் கான்வென்ட்டுக்குப் போனாள். வெட்டுக்காரர் வீட்டுப் பெண் ஆயாக்கொட்டகையில் தம்பியைப் பார்த்துக்கொண்டாள். ஒரே தோட்டத்தில் இரண்டு சாதி போல இருந்தது. கிராணி வர்க்கத்தைச் சேர்ந்த நாங்களே இதைச் சொல்கிறோம்.

சிங்கப்பூரிலும் ஆங்கிலக் கல்விக்கு நெடுங்காலம் பெரிய வாசலாக இருந்தவை மிஷன் பள்ளிகளே. பிரெஞ்சுக் கன்னிமார் 1854இல் வந்து பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அனாதைப் பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தார்கள். அந்த நன்மையை மறுப்பவர் நன்றி கெட்டவர். நம் பாட்டிமார் கான்வென்ட் வாசலை ஏக்கத்தோடு பார்த்தார்கள் என்றால் அதற்குத் தக்க காரணம் இருந்தது.

அந்தக் காரணம் இன்றும் இருக்கிறதா?

1987 முதல் சிங்கப்பூரில் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. கான்வென்ட் அரசாங்க உதவி பெறும் பள்ளி. பாடத்திட்டம் ஒன்று, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் ஒன்று. இரண்டு வகைப் பள்ளி ஆசிரியர்களும் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்றவர்களே. குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் பள்ளிக் கட்டணம் கிடையாது. இதரக் கட்டணம் மாதம் 13 வெள்ளிக்கு மேல் போவதில்லை. நிரந்தரவாசிகள் கட்டணம் செலுத்த வேண்டும்; ஆனால் கான்வென்ட் என்பதற்காக அது கூடுவதில்லை. பாட்டி ஏங்கிய ஆங்கிலம் இன்று ஜெங்ஹுவாவிலும் கிடைக்கிறது, பீக்கனிலும் கிடைக்கிறது.

அப்படியானால் கான்வென்ட்டில் விசேஷமே இல்லையா? உண்டு. பெண்கள் மட்டுமே படிக்கும் இடம் என்பதைச் சில தாய்மார் விரும்புகிறார்கள். கான்வென்ட் தொடக்கப்பள்ளியில் படித்தவர்களுக்குச் சில கான்வென்ட் உயர்நிலைப் பள்ளிகளில் முன்னுரிமை கிடைக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்குச் செபமும் பள்ளியும் ஒரே இடத்தில் அமைகின்றன. லூர்து மாதா கோயிலுக்குப் போகும் நம் தமிழ்க் கத்தோலிக்கச் சகோதரர்களுக்கு அது பெரிய காரியம். மற்றவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: சிலுவையைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அதன் பெயரால் மயங்கவும் வேண்டாம். இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

இனித் தமிழ். இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், நம்மவர் கடைசியில் கேட்கிறார்கள். பள்ளிக்கூட நேரத்தில், பள்ளிக்கூடத்திலேயே தமிழ் சொல்லித் தருகிறீர்களா? தமிழ் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? தமிழ்ப் பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளியில் சேர்த்தால், தாய்மொழிப் பாடத்துக்காக வேறிடம் போய்வர நேரலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது களைப்பு. களைத்த பிள்ளை தமிழைத்தான் வெறுக்கும். இன்னொன்று: கத்தோலிக்கப் பள்ளி எல்லாம் ஒன்றென்று எண்ணிவிடாதீர்கள். கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளியின் தொடக்கப் பிரிவு, மாரிஸ் ஸ்டெல்லா, செயிண்ட் நிக்கலஸ் கான்வென்ட் ஆகியவை சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். 1979இல் சீன மொழியைப் போற்றத் தொடங்கிய திட்டம் அது. அங்கே தாய்மொழிப் பாடம் சீனம். உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டபின், இந்நாட்டில் தமிழ் ஒரு பாடமாகத்தான் வாழ்கிறது. அந்த ஒரு பாடத்தையும் விட்டுக்கொடுத்தால் மிச்சம் என்ன?

அடுத்து, வீட்டுக் கணக்கு. அண்ணன் அக்காள் படிக்கும் பள்ளியில் தம்பி தங்கைக்கு இடம் நிச்சயம் என்பது விதி. மூத்தவளைக் கான்வென்ட்டில் சேர்த்தீர்கள். பின்னால் பிறந்தவன் பையன். அவனுக்கு அந்த உரிமை உதவாது. இரண்டு பள்ளி, இரண்டு வழி, காலையில் ஒரே தாய். அந்தத் தாய் ஏழு மணி ஷிப்டுக்கும் போக வேண்டும். கத்தோலிக்கப் பள்ளிதான் வேண்டுமென்றால் பையனை வேறு வட்டாரத்துக்கு, உதாரணமாகப் புக்கிட் பாத்தோக்கில் உள்ள அந்தோணியார் தொடக்கப்பள்ளிக்கு, அழைத்துப்போக வேண்டும்.

இடம் கிடைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். பதிவில் 2 பி என்றொரு கட்டம் உண்டு. பள்ளியோடு இணைந்த தேவாலயத்தின் உறுப்பினர், பள்ளித் தொண்டூழியர் முதலியோருக்கானது. தொண்டூழியர் குறைந்தது 40 மணி நேரம் உழைக்க வேண்டும். தோழர்களே, 40 மணி நேரம் என்பது நமக்கு ஐந்து நாள் கூலி! அலுவலக உத்தியோகஸ்தருக்கு விடுப்பு உண்டு. மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் காவல்காரருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் என்ன உண்டு? விதி எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் அதை நிறைவேற்றும் வசதி எல்லாருக்கும் ஒன்றில்லை. இதை மனுவில் எழுத வேண்டிய விஷயமாகவே நாங்கள் கருதுகிறோம். இடத்துக்காக ஞானஸ்நானம் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். நம்பிக்கை இருந்தால் வாங்குங்கள். பள்ளிச் சீட்டுக்காக வாங்கினால் சாமியையும் ஏமாற்றுகிறீர்கள், பிள்ளைக்கும் ஏமாற்றச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

எந்தத் தொடர்பும் இல்லாதவருக்கு 2 சி கட்டம். அதற்கென்று 40 இடங்களை 2022 முதல் ஒதுக்கி வைக்கிறார்கள்; முன்பு 20 தான். இடத்துக்குப் போட்டி வந்தால் குடிமக்களுக்கே முதலிடம், நிரந்தரவாசிகள் அடுத்து. அவர்களிலும் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்போர் முன்னே, இரண்டு கிலோமீட்டர்வரை உள்ளோர் பின்னே. மிஞ்சினால் குலுக்கல். உறவினர் முகவரியைக் கொடுக்க நினைக்காதீர்கள். தூரத்தைக் காட்டி இடம் பெற்றவர் 30 மாதம் அங்கேயே குடியிருக்க வேண்டும்.

எங்கள் யோசனையைக் கேட்டால்: வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், பள்ளியிலேயே தமிழ் வகுப்பு, பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடம். இம்மூன்றும் எங்கே கூடுகின்றனவோ அங்கே சேருங்கள். கான்வென்ட்டில் கூடினால் கான்வென்ட். ஆனால் இந்த வட்டாரத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு அது பக்கத்துச் சர்க்கார் பள்ளியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

பதிவு சிங்பாஸ் வழியாக நடக்கும். கைப்பேசியில் செய்யத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே கீழ்த்தளத்தில் நாங்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை இரண்டையும் எடுத்து வாருங்கள். பள்ளிகளிடம் தமிழ் வகுப்பைப் பற்றி விசாரிக்க வேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போகலாம்.