பெரம்பூர் ஆலையும் பதினான்கு நாளும்



தொழிலாளர்க்குச் சட்டக் காப்பு எப்படி வந்தது? அதன் வேர் சென்னைப் பெரம்பூரில் உள்ளது.

27-4-1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். 1920இல் பின்னி ஆலையார் கதவடைத்தனர். கதவை அடைத்தவர்களே முறைமன்றமும் ஏறினர்! உடன்படிக்கையை மீறத் தொழிலாளரைத் தூண்டினர் என்று தலைவர்கள்மீது இழப்பீட்டு வழக்கு. உயர்முறைமன்றம் தடையாணை இட்டது. வாடியா சங்கத்தினின்று விலகிய பின்னரே வழக்குக் கைவிடப்பட்டது.

அவ்வடுவே வித்தாயிற்று. 1921இல் என்.எம். சோசி நடுவண் சட்டமன்றில் முன்மொழிந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தொழிற்பூசலில் அத்தகைய தூண்டலுக்காகப் பதிவுபெற்ற சங்கத்தின்மீது இழப்பீட்டு வழக்குச் செல்லாதாயிற்று.

அச்சட்டத்தையும் வேறிரண்டையும் நீக்கிய தொழிலுறவுத் தொகுப்புச்சட்டம் 2020இல் நிறைவேறி, 21-11-2025இல் நடைமுறைக்கு வந்தது. பழைய காப்பு அதிலும் உண்டு. ஆயின், பொதுப்பயன்பாட்டுத் தொழில்களுக்கே முன்பிருந்த முன்னறிவிப்புக் கட்டு இன்று எல்லா ஆலைக்கும் ஆயிற்று: 14 நாள். பாதிப்பேர் ஒருங்கே விடுப்பெடுப்பினும் வேலைநிறுத்தமே! கதவடைப்புக்கும் அதே 14 நாள்தானே என்பர். பசித்த வயிற்றுக்கும் நிறைந்த பெட்டிக்கும் நாள் ஒரே நீளமா?

ஆள்குறைப்புக்கு அரசின் முன்னிசைவு வேண்டும் ஆலையளவு, 100 தொழிலாளரினின்று 300ஆக உயர்ந்தது. 299 பேர் உழைக்குமிடத்தில் அவ்விசைவு வேண்டா. சங்கங்கள் பலவாயின், 51 விழுக்காட்டினரைக் காட்டுவதே தனித்துப் பேசும். பிரிந்து கிடக்கும் சங்கத்தார் தத்தம் உறுப்பினர் ஏட்டை இன்றே எடுத்து எண்ணட்டும்.