வாச்சாத்திப் பெண்கள் கேட்ட நீதி



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் உயிரோடிருந்து, நீதிமன்றப் படியேறி, காத்துக்கிடந்த பெண்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமியும் உண்டு. வீடுகள் நொறுக்கப்பட்டன. ஆடுமாடுகள் கொல்லப்பட்டன. குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. பிறகு அந்தப் பெண்களையே சந்தனக் கடத்தல் வழக்கில் சேர்த்து சேலம் சிறைக்கு அனுப்பினார்கள்.

ஆக, அவர்கள் சட்டத்தை முதலில் சந்தித்தது புகார்தாரர்களாக அல்ல, ‘திருடிகளாக’. அவர்கள் கேட்ட முதல் நீதி தண்டனை அல்ல. ‘நாங்கள் சொல்வது உண்மை’ என்பதை அரசு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான். அதற்கே மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வழக்கு சிபிஐ கைக்குப் போனது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. கொடுமை நடந்து 31 ஆண்டுகள்! பள்ளிச் சிறுமி நடுவயதைத் தொட்டுவிட்டார்.

அந்த 2023 தீர்ப்பை மாணவர்கள் படிக்க வேண்டும். தண்டனையோடு அது நிற்கவில்லை. 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய்; அதில் பாதியைப் பாலியல் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு வேலைவாய்ப்பு. குற்றவாளிகளைக் காப்பாற்றிய அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை. கை வைத்தவன் மட்டுமல்ல, கண்ணை மூடிக்கொண்ட நாற்காலியும் பதில் சொல்ல வேண்டும் என்பது இதன் பொருள்.

இன்று நம் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு. பிணை, விடுவிப்பு, தண்டனை எதுவானாலும் பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல அது உரிமை தருகிறது. விசாரணை பற்றி அவருக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்கிறது. இந்த உரிமையைத் தெரிந்துகொண்டு நீதிமன்றம் போகும் பெண்கள் எத்தனை பேர்? தெரியப்படுத்துவது நம் வேலை.

கடைசியாக, நம்மைப் பற்றி ஒன்று. ஊர்வலம் முடிந்ததும் நாம் வீடு திரும்பிவிடுகிறோம். அந்தப் பெண் வாய்தாவுக்கு வாய்தா கூலியை இழந்து பேருந்து ஏறுகிறாள். சாட்சி சொல்ல மிரட்டல் வரும்போது தனியாக இருக்கிறாள். மேடைதோறும் அவள் காயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறோம். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க மறக்கிறோம். ஒருத்திக்குத் தண்டனை முக்கியம். இன்னொருத்திக்குப் பிள்ளையின் படிப்பு, பயமில்லாமல் நடக்க ஒரு தெரு. முதலில் கேட்போம். பிறகு தீர்ப்பு வரும்வரை கூடவே போவோம்.

ஜெய் பீம்.