மழைக்கு முன்னால் ஓடையைப் பார்ப்போம்



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மலை சரிந்தது. மண்ணோடு மரங்களும் ஓடைகளுக்கு வந்தன. அப்படி வரும் மரம் என்ன செய்யும் என்று இன்று கொஞ்சம் பேசுவோம்.

விழுந்த மரமெல்லாம் உடனே ஓடிவிடாது. ஓடையின் அகலத்தைவிட நீளமான மரம் இரண்டு கரையிலும் முட்டிக்கொண்டு கிடக்கும். வேரோடு வந்த மரம் கல்லில் மாட்டிக்கொள்ளும். குட்டைக் கட்டைகள்தான் தண்ணீர் ஏறியதும் மிதந்து போகும். போகிற வழியில் அந்தப் பெரிய மரத்தில் வந்து சாயும். அதன்மேல் கிளை, இலை, குப்பை, மண் என்று சேர்ந்து கடைசியில் அணைக்கட்டு மாதிரி ஆகிவிடும்.

காட்டுக்குள்ளே இப்படிக் கிடப்பது கெடுதல் இல்லை. தண்ணீரின் வேகம் குறையும், மண் தங்கும், மீனுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் நம்ம லயத்துப் பக்கத்துப் பாலத்திலும் மதகிலும் அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். அடைப்பு உடைந்தால், தேங்கிய தண்ணீரும் கட்டையும் ஒரேயடியாகப் பாயும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன?

கவ்வாத்துக் குச்சியைக் கானிலும் ஓடையிலும் போட வேண்டாம். மலையிலேயே செடிக்கு நடுவில் கிடந்தால் மண்ணுக்கு நல்லது. தடித்தது அடுப்புக்கு ஆகும்.

மே மாத மழைக்கும் ஐப்பசி மழைக்கும் முன்னால் எல்லோருமாகப் போய்ப் பாலத்தடியைப் பார்ப்போம். சின்னக் கட்டைகளை நாமே எடுக்கலாம். பெரிய மரம் என்றால் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுத்தில் கொடுப்போம்.

வெள்ளத்தில் மிதந்து வரும் விறகைப் பிடிக்க யாரும் இறங்காதீங்க. ஒரு சுமை விறகுக்கு ஓர் உயிரைக் கொடுப்பதா?

இன்னொன்றை மறக்கக் கூடாது. மழை விடாமல் பெய்யும்போது ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்தால், வெள்ளம் வடிந்துவிட்டது என்று நினைக்காதீங்க. மேலே எங்கேயோ அடைத்திருக்கலாம். உடனே ஓடையை விட்டு விலகி, ஆபத்தில்லாத இடத்துக்குப் போங்க. பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 இலக்கத்தில் சொல்லுங்க.

பகலில் நாம் கொழுந்தெடுக்கப் போனால் லயத்தில் இருப்பது பிள்ளைகளும் வயசானவங்களும்தான். இந்த அடையாளத்தை இன்றைக்கே அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.