தரவுத்தளத்தின் சுவடு

2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. தம்மவர் எங்கே என்பதே தப்பியோரின் பெருங் கேள்வியாயிற்று. அக்காலத்தில் இலங்கைக் கணினி வல்லுநர் பலர் தன்னார்வத்துடன் கூடி ஆக்கிய மென்பொருளே ‘சகானா’. சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிய எழுந்த அது, 2005இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும் பயன்பட்டது.

இத்தகைய மென்பொருளில் ஒரு பெயரை இட்டுவிட்டுக் காத்திருக்கும் தாய்க்கு ஒரு நிமிடமும் ஒரு யுகம். விடை தாமதிப்பின், இயந்திரம் பழையதென்பார் ஒருவர். இணைப்புப் போதாதென்பார் மற்றொருவர். வயலை அழித்தது யானையா பன்றியா என்பதை வன்னிக் கமக்காரன் அயலவர் வாய்ச்சொல்லாலன்றி வரம்பிற் பதிந்த சுவட்டாலேயே துணிகிறான். தரவுத்தளமும் அவ்வாறே சுவடு வைக்கிறது, படிப்போர்தாம் அரியர்.

சகானா பயன்படுத்திய தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். பணித்தால், காலந் தாழ்த்தும் வினவல்களை அது தனிப் பதிவேட்டில் எழுதும்: சென்ற நேரம், பூட்டுக்காகக் காத்த நேரம், அனுப்பிய நிரைகள், ஆராய்ந்த நிரைகள். நேரத்தை மாத்திரம் நோக்குதல் போதாது. ஒருவரைத் தேடிய வினவல் 1 நிரையை அனுப்ப 1,00,000 நிரைகளை ஆராய்ந்ததெனின், ஒரு பெயருக்காக ஏடு முழுவதும் புரட்டப்பட்டுள்ளது என்பது பொருள். புதிய இயந்திரம் வாங்குவது அதற்கு மருந்தன்று. பெயரின் நடுவெழுத்துக்களைக் கொண்டு தேடுமிடத்து இது நேரும். சாதாரணச் சுட்டி முதலெழுத்திலிருந்தே வழிகாட்ட வல்லது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்திற் பலவாறு எழுதும் நம் நாட்டிலோ அத்தகைய தேடல் தவிர்க்கவொண்ணாதது. ஆகவே பெயரைப் பதியும்போதே அதன் ஒலிவடிவையும் உடன் பதிந்து, அதற்கொரு சுட்டி அமைத்தல் நன்று.

இப்பதிவேட்டுக்கு அகப்படாத பிழையும் உண்டு. மாற்றியமைத்தாலன்றி 10 விநாடிக்கு மேற்பட்ட வினவலையே அது குறிக்கும். முகாமிலுள்ள 300 பேரின் விபரத்தை ஒரே முறையிற் கேளாது 300 முறை கேட்கும் செயலியில், ஒவ்வொரு விடையும் நொடியில் வந்துவிடும், பக்கமோ நகராது. எல்லா வினவல்களையும் எழுதும் பொதுப் பதிவேட்டைச் சிறிது நேரந் திறந்தால், ஒரே வினவல் வரிவரியாக வீழ்ந்திருப்பது தெரியவரும். 2021இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாவிலே தகவல் தொழினுட்பம் பயிலும் இளைஞர், நிரல் எழுதுவதோடு இவ்வாசிப்பிலும் பழகுவது நன்று.

பொதுப் பதிவேட்டை நெடுநேரந் திறந்து வைத்தலாகாது. காணாமற் போனவரின் பெயரும் அவரைத் தேடுவோரின் தொலைபேசி எண்ணும் அதில் மறைப்பின்றி விழும். பிழை கண்டதும் அதை மூடி, எழுதப்பட்டதை அழித்துவிடல் வேண்டும்.