பகடையைத் திருப்பிய விரல்

இங்கே டொராண்டோவில் காலை. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு ஆகியிருக்கும். சிட்னி நண்பர்களுக்கு நள்ளிரவே தாண்டியிருக்கும். விழித்திருந்து கேட்பவர்களுக்கு நன்றி. நான் விமர்சகர் இல்லை. நாகர்கோவில் பக்கம் செவிலியர் பட்டயப் படிப்பு முடித்து, இருபது வருடத்துக்கும் மேலாக மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவள். அந்த இடத்தில் நின்றுதான் இன்று ஒரு நாவலைப் பற்றிப் பேசப் போகிறேன்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தேன். என் பதினாறு வயது மகன் கணினி முன்னால் உட்கார்ந்து பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தான். அவன் மட்டையைப் பிடித்து ஆடும் ஆட்டம் அல்ல. 1901இல் தொடங்குவதாக ஒரு லீக்கை உண்டாக்கி, அதை வருடம் வருடமாக நடத்துகிறான். அணிகளும் ஆட்டக்காரர்களும் கற்பனை. அன்றைக்கு 1911ஆம் வருடத்துக்கு வந்திருந்தான். திரையில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண்கள்.

“இவன் தேறமாட்டான்மா” என்று ஒரு பெயரைத் தட்டினான். பெயர் மறைந்துவிட்டது.

“ஏன்டா?”

“எறியிற பலம் 35தான். வேகமும் இல்ல.”

பிறகு விளக்கினான். நிஜமான பேஸ்பாலில் இளைஞர்களைத் தேடிப் போகும் மதிப்பீட்டாளர்கள் 20லிருந்து 80 வரை எண் போடுவார்களாம். 50 என்றால் சராசரி. ஐந்து திறன்களைப் பார்ப்பார்கள்: பந்தைச் சரியாக அடிப்பது, தூரமாக அடிப்பது, ஓட்டம், பிடிப்பது, எறிவது.

ஐந்து என்றதும் எனக்கு பிரசவ அறை ஞாபகம் வந்தது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் நாங்கள் ஒரு மதிப்பெண் போடுவோம். இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, உடல் நிறம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை, மொத்தம் 10. வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மருத்துவர் 1953இல் வெளியிட்ட முறை. அந்த எண் குழந்தைக்கு இந்த நிமிடம் எப்படி இருக்கிறது என்று சொல்லும். அது வளர்ந்து என்ன ஆகும் என்று சொல்லாது. அதை வைத்து ஒரு குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது என்பதும் எங்களுக்குப் பாடம்தான்.

“நீ தூக்கிவிட்ட பையன் எங்கே போவான்?” என்று கேட்டேன். மகன் சிரித்தான். “அம்மா, அவன் நிஜம் இல்ல.”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அப்படித்தான் ராபர்ட் கூவர் 1968இல் எழுதிய ‘தி யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன்’ நாவலுக்கு வந்து சேர்ந்தேன். கணினி விளையாட்டெல்லாம் வீடுகளுக்கு வருவதற்கு முன்னால் எழுதியது. கூவர் 2024இல் காலமானார்.

கதாநாயகன் ஹென்றி வா. வயது ஐம்பத்தாறு. கணக்காளர். தனியாக வாழ்கிறான். சமையலறை மேசையில் மூன்று பகடைகளை உருட்டி, எட்டு அணிகள் கொண்ட ஒரு லீக்கை நடத்துகிறான். புதியவர்கள், வழக்கமானவர்கள், நட்சத்திரங்கள் என்று ஆட்டக்காரர்களைத் தரம் பிரித்திருக்கிறான். தரத்தைப் பொறுத்துப் பகடை எண்ணின் பலன் மாறும். ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களுக்கு முதுமையும் சாவும்கூட உண்டு. எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதி வைக்கிறான்.

அங்கே டேமன் ரதர்ஃபோர்ட் என்ற இளம் பந்து வீச்சாளன் வருகிறான். ஒரு பழைய நட்சத்திரத்தின் மகன். எதிரணியினர் மட்டை பிடிக்க வந்த 27 தடவையும் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்டவிடாமல் ஓர் ஆட்டத்தை முடிக்கிறான். இதற்கு ‘பெர்ஃபெக்ட் கேம்’ என்று பெயர். அமெரிக்காவின் மேஜர் லீக் வரலாறு முழுவதிலும் 2023 வரை 24 முறைதான் நடந்திருக்கிறது. ஹென்றிக்கு அவன் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறான்.

பிறகு ஓர் ஆட்டத்தில் பகடை ஒன்று-ஒன்று-ஒன்று என்று விழுகிறது. மறுபடியும் அதே. மூன்றாவது தடவையும் அதே. மூன்று தடவை தொடர்ந்து அப்படி விழுவதற்கு ஒரு கோடியில் ஒன்றுக்கும் குறைந்த வாய்ப்பு. ஹென்றி தானே எழுதிவைத்த அட்டவணையின்படி அதன் பொருள், மட்டை பிடித்தவன் தலையில் பந்து பட்டுச் சாகிறான். அப்போது மட்டை பிடித்து நின்றவன் டேமன். இது கற்பனைக்காகச் சேர்த்த விதி என்று நினைக்காதீர்கள். 1920 ஆகஸ்டில் கிளீவ்லாந்து அணியின் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்தார்.

ஹென்றி விதியை மாற்றவில்லை. டேமனைச் சாகவிடுகிறான். ஆனால் பிறகு, அந்தப் பந்தை வீசிய ஜாக் கேசியைப் பழிவாங்க, ஒரு பகடையை விரலால் திருப்பி ஆறு-ஆறு-ஆறு ஆக்குகிறான். கேசி சாகிறான். பிரியமானவன் செத்தபோது அசையாத கை, கோபத்தில் அசைந்துவிட்டது. நம் வேதாகமத்தில் யெகோவா என்று வரும் பெயரின் எபிரெய எழுத்துகள் ஜே. ஹென்றி வா என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. கடவுள் ஏன் பகடையைத் திருப்பவில்லை என்று கேட்டு அழுத தாய்மாரின் பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். என்னிடம் பதில் இருந்ததில்லை. இந்த நாவலும் பதில் சொல்லவில்லை. திருப்பினால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டுகிறது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நானும் ஒருமுறை திருப்பியிருக்கிறேன். கோபத்தில் அல்ல, இரக்கத்தில்.

சில வருடங்களுக்கு முன், புதிதாக வந்த ஓர் இளம் செவிலியரைப் பழக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தமிழ்ப் பெண். முதியவர்களிடம் அவள் பேசும் விதத்தைப் பார்த்தால் மனசு நிறையும். ஆனால் மருந்துக் கணக்கில் தசமப் புள்ளி இடம் மாறிவிடும். மதிப்பீட்டுத் தாளில் ‘தனியாகச் செய்யத் தகுதி உண்டு’ என்று ஒரு கட்டம். இரண்டு வாரம் அதைக் காலியாக விட்டேன். ஊரில் அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பணம் அனுப்ப வேண்டும் என்று தெரியும். கடைசி நாளில் டிக் போட்டுவிட்டேன். போகப் போகப் பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஹெப்பாரின் சொட்டு மருந்துக்கு அவள் போட்ட கணக்கு பத்து மடங்காகிவிட்டது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து அது. அளவு கூடினால் உள்ளே இரத்தம் கசியும். இரண்டாவது செவிலியர் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அந்தச் செவிலியர் கண்டுபிடித்ததால் மருந்து நோயாளிக்குப் போகவில்லை.

அன்றே மேலாளரிடம் போய், அந்த டிக் உண்மை இல்லை என்று சொன்னேன். அவளுக்கு இன்னும் ஆறு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். என் பெயரைப் பழக்குபவர் பட்டியலிலிருந்து ஒரு வருடம் எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான்.

அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “அக்கா, நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே?”

அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கட்டம் காலியாக இருந்திருந்தால், கற்றுக்கொள்ள அவளுக்கு ஆறு வாரம் அப்போதே கிடைத்திருக்கும். அந்த ஆறு வாரத்தை நான்தான் எடுத்துக்கொண்டேன். இளைஞர்களை எடைபோடும் வேலை நம்மில் பலருக்கு இருக்கிறது. ஆசிரியர்களுக்கு, பெற்றோருக்கு, எழுத வருபவர்களின் கதையைப் படிக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கு. ஒரே எண்ணைப் பார்த்து என் மகன் தூக்கியதும் தவறு. எண்ணை மறைத்து நான் தேற்றியதும் தவறு. இன்றைக்கு இது 35 என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நாளைக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். சொல்வது சுலபம். செய்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நாவலின் கடைசி அத்தியாயத்தில் நூறு வருடம் போய்விடுகிறது. ஹென்றியைக் காணோம். அந்த இரண்டு சாவும் ஆட்டக்காரர்கள் வருடாவருடம் நடித்துக் காட்டும் சடங்காகியிருக்கிறது. தங்களைப் படைத்தவர் உண்டா என்று தெரியாமலே ஆட மைதானத்துக்கு வருகிறார்கள். அந்தப் பக்கங்களை நீங்களே வாசியுங்கள்.

போன வாரம் மகனிடம் அந்தப் பையனைப் பற்றி மறுபடி கேட்டேன். தேடிப் பார்த்தான். வேறொரு அணி எடுத்திருக்கிறது. கீழ்நிலை லீக்கில் மூன்று வருடம் ஆடிவிட்டு ஓய்வு பெற்றுவிட்டான்.

“பாத்தீங்களா, நான் சொன்னது சரிதானே?” என்றான்.

“சரிதான். ஆனா மூணு வருஷம் ஆடியிருக்கானே” என்றேன்.