விளக்குமாற்றுக்கு ஓர் இடம்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடைகளில் யாழுக்கும் வாளுக்கும் இடமுண்டு; எழுதுகோலுக்கும் உண்டு. விளக்குமாற்றுக்கு இல்லை. விழா தொடங்குமுன் மேடையைத் தூய்மை செய்தது விளக்குமாறு. தலைவர் வருமுன் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டதும் அதுவே. அந்தப் பொருளுக்கு வீட்டில் எது இடம் என்பதே இவ்வுரையின் பொருள். சிறிய பொருள்தான், ஆயினும் அதைத் தொடர்ந்து சென்றால் சிறியதல்லாத ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

"விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சமா?" என்றொரு பழமொழி தமிழகமெங்கும் வழங்குகிறது. தகுதியற்றதற்குச் சிறப்புச் செய்வதை எள்ளும் மொழி அது. விளக்குமாறு தகுதியற்றது என்பதை அப்பழமொழி மெய்ப்பிக்கவில்லை. எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்றாக எடுத்துக்கொண்டு மேலே செல்கிறது. கேள்வி கேட்கப்பட வேண்டிய இடம் அதுதான்.

கரிசல் நாட்டுப் பழைய வீடு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். விளக்குக்கு மாடக்குழி இருந்தது. தயிருக்கும் நெய்க்கும் உறி இருந்தது. கம்புக்கும் சோளத்துக்கும் குலுக்கை இருந்தது. துணிக்குக் கொடி, பண்ணரிவாளுக்கு இறவாரம், தலைமாற்றுக்கு வைத்த பொருள்களுக்குப் பரண். மண்சுவரில் அறைந்த முளையில் சாட்டையும் கயிறும் தொங்கின. எல்லாவற்றுக்கும் இடம் கண்ட அந்த வீடு விளக்குமாற்றைக் கதவிடுக்கில் சாத்தியது. இல்லையேல் புழக்கடை மூலையில் கிடத்தியது. விருந்தினர் கண்ணில் படலாகாது, காலில் இடறலாகாது, விளக்கேற்றிய பின் கையில் எடுக்கலாகாது. விதிகள் பல இருந்தன. அவை பெரும்பாலும் மறைத்து வைப்பதற்கான விதிகள்.

இத்தனைக்கும் விளக்குமாறு இல்லாமல் ஒருநாள் கழியாத ஊர் கயத்தாறு. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கிவரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆனியிலும் ஆடியிலும் இந்தச் சமவெளியில் அடிக்கும் வேகத்தை இன்று காற்றாலைகள் மின்சாரமாக்குகின்றன. காற்றாலைப் பொறிகளைச் சோதிக்கும் நடுவண் அரசின் நிலையம் இவ்வூர்ப் பக்கத்தில் அமைந்ததற்குக் காரணமும் அக்காற்றே. காற்றாலைகள் எழுவதற்கு முன்னும் காற்று இருந்தது. வெயிலில் வெடித்துப் பிளந்த கரிசலின் பொடியை அள்ளிவந்து திண்ணையிலும் அடுக்களையிலும் அது கொட்டியது. காலையில் பெருக்கிய முற்றம் நண்பகலில் பெருக்காத முற்றம் ஆனது. காற்றுக்கு எதிர்முகமாய்ப் பெருக்கினால் தூசி முகத்துக்கே திரும்பும் என்பதை இவ்வூர்ப் பெண்கள் எந்த நூலிலும் படிக்கவில்லை. இடுப்பு வளைந்த அவர்களுடைய உழைப்பை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றே வரலாறு கயத்தாற்றை அறியும். அன்று காலையிலும் இவ்வூரின் வாசல்கள் பெருக்கப்பட்டிருக்கும்.

பொருளைத் தாழ்த்திய தமிழர், அதன் பெயரைத் தாழ்த்தவில்லை. விளக்குதல் என்பது தூய்மை செய்தல், ஒளிரச் செய்தல். மாறு என்பது குச்சி, மிலாறு. கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடிந்தபின் நிற்கும் செடியைப் பருத்திமாறு என்பர்; மக்கள் வாயில் அது பருத்திமார். அடுப்பெரித்த மாறும் வீடு விளக்கிய மாறும் ஒரே சொல். நெல்லைச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் வழங்கும் வாரியல் என்ற பெயர் வாருதலில் பிறந்தது. ஈழத்தில் தும்புத்தடி என்பர். தேங்காய்த் தும்பால் ஆனமையின் அப்பெயர்.

வினைச்சொற்கள் இன்னும் வியப்புக்குரியன. குப்பையை அகற்றுதல் உண்மையில் கழித்தல். தமிழோ அதனைக் கூட்டுதல் என்றது, பெருக்குதல் என்றது. வீட்டிலிருந்து ஒன்றை வெளியேற்றும்போது, குறைத்தல் என்னும் சொல் வாயில் வரலாகாது என்று கருதிய மங்கல வழக்கு இது போலும். காரணம் எதுவாயினும், ஒரு மொழி தன் கணக்கின் இரண்டு வளர்ச்சிச் சொற்களை விளக்குமாற்றின் கையில் கொடுத்திருக்கிறது. இதற்கு மேல் ஒரு பட்டுக்குஞ்சம் தேவையில்லை.

கோயிலுக்குள் நுழைந்ததும் அதே பொருள் வேறு பெயர் பெறுகிறது. அங்கு அது திருவலகு. திருவதிகை வீரட்டானத்தில் திருவலகிட்டும் திருமெழுக்கிட்டும் தொண்டு செய்தவர் திலகவதியார் என்று பெரியபுராணம் கூறுகிறது. பொழுது புலருமுன் அலகிடுவதை இறைபணியாகத் தேவாரத்தில் வைத்தவர் அவர் தம்பி நாவுக்கரசர். அப்பெருமானின் திருவுருவங்களில் கையிலிருப்பது புல் செதுக்கும் உழவாரம். அதற்கு 'உழவாரப்படை' என்று பெயர். துப்புரவுக் கருவியைப் படைக்கலமாகக் கண்ட சமயம் அது. பூரியில் தேர்த்திருநாளன்று கஜபதி மன்னர் பொற்பிடி போட்ட துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

கயத்தாற்றுக்குத் தொலைவில்லாத கழுகுமலையில் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சமணப் புடைப்புச் சிற்பங்கள் பாறையில் வரிசை வரிசையாக உள்ளன. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களை அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காத்துவருகின்றன. திகம்பரத் துறவியர் உடைமை என்று வைத்துக்கொள்ளும் மிகச் சில பொருள்களில் ஒன்று மயிற்பீலி. உட்காருமுன் தரையை அதனால் மெல்ல நீவுவர். எறும்பும் பூச்சியும் நசுங்காமல் விலகுவதற்காக. எல்லாவற்றையும் துறந்தவர் துறக்காத பொருள் ஒரு துடைப்பம். அழுக்கை அகற்றும் துடைப்பத்தோடு, உயிரைக் காக்கும் துடைப்பத்தையும் கரிசல் மண் கண்டிருக்கிறது.

கோயிலில் திருவலகு, துறவியின் கையில் பீலி. வீட்டில் மட்டும் ஏன் அது மூதேவியின் படை ஆயிற்று? மூதேவிக்குக் காக்கையைக் கொடியாகவும் கழுதையை ஊர்தியாகவும் துடைப்பத்தைப் படையாகவும் வைத்தது மரபு. கட்டி முடியாத வீட்டில் பழைய துடைப்பத்தைக் கட்டித் தொங்கவிட்டுக் கண்ணேறு கழித்தனர். குழந்தைக்கு நாவூறு என்றால் ஈர்க்கைக் கொளுத்திச் சுற்றினர். காப்பதற்கு அழைத்த பொருளையே வசவுக்கும் எடுத்தனர்; "விளக்குமாறு பிய்ந்துவிடும்" என்பதைவிடக் கடிய சொல் தெருச்சண்டையில் இல்லை.

விடை பொருளில் இல்லை. அதைப் பிடித்த கையில் இருக்கிறது. 1936ஆம் ஆண்டு லாகூர் மாநாட்டுக்கென அம்பேத்கர் எழுதிய தலைமையுரையை நிகழ்த்த வாய்ப்பில்லாமற் போயிற்று. அவரே அதை அச்சிட்டு வெளியிட்டார். பேஷ்வாக்களின் தலைநகரான பூனாவில் தீண்டாமைக்கு ஆளானோர் இடுப்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு, நடந்த மண்ணைத் தாமே பெருக்கியவாறு செல்ல வேண்டியிருந்ததை அவ்வுரையில் அவர் பதிவு செய்துள்ளார். மனிதனின் காலடியையே குப்பை என்று கருதிய கொடுமை அது. துடைப்பத்துக்கு அன்று ஓர் இடம் தரப்பட்டது. அந்த இடம் ஒரு மனிதனின் முதுகு.

1901இல் கல்கத்தாக் காங்கிரசுக்குச் சென்ற காந்தியடிகள், கழிப்பிடத்தின் நிலையைத் தொண்டர்களிடம் சுட்டிக்காட்டியபோது, அது துப்புரவாளர் வேலை என்று அவர்கள் மறுத்துவிட்டனர். அவர் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே துப்புரவு செய்தார். இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில்தான் இந்தியத் துடைப்பத்தின் வரலாறு கிடக்கிறது.

இனி, துடைப்பத்துக்குச் சுவரில் இடம் தந்தவர்களைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் ஷேக்கர் என்னும் கிறித்தவக் குழுவினர் வாழ்ந்தனர். ஆணும் பெண்ணும் நிகர் என்பதும், செய்யும் தொழிலே வழிபாடு என்பதும் அவர்கள் நெறி. அதுவரை உருண்டையாய் இருந்த துடைப்பத்தைத் தட்டையாக்கித் தைத்த பெருமையை, 1798இல் வாட்டர்விலியட் ஊரில் வாழ்ந்த தியோடர் பேட்ஸ் என்ற ஷேக்கருக்கு உரியதாகச் சொல்வர். அத்துடைப்பம் செய்த பயிர் கரிசல்காரருக்கு அந்நியமன்று. நீண்ட கதிருக்காகவே வளர்க்கப்பட்ட ஒருவகைச் சோளம் அது. ஷேக்கர் இல்லங்களின் அறைச்சுவர்களைச் சுற்றி நீண்ட மரச்சட்டம் ஓடும். அதில் வரிசையாக முளைகள். தொப்பியும் மேலங்கியும் நாற்காலியும் துடைப்பமும் அந்த ஒரே வரிசையில் தொங்கின. தலையில் அணிவதற்கும் தரையைப் பெருக்குவதற்கும் ஒரே உயரம்.

தரை துடைப்பானின் கதையும் இதனோடு சேர்ந்தது. கலமசூ நகரைச் சேர்ந்த கறுப்பினத்தவரான தாமஸ் ஸ்டூவர்ட், பிழிந்தெடுக்கக்கூடிய துடைப்பான் ஒன்றுக்கு 1893இல் காப்புரிமை பெற்றார். ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் மானுவேல் ஹலோன் 1956இல் பிழியும் வாளியோடு கூடிய துடைப்பானை வெளிக்கொணர்ந்தார். மண்டியிட்டுத் தரை துடைத்த பெண்கள் எழுந்து நிற்க அது உதவியது. ஒரு கோலின் நீளம் ஒரு முதுகை நிமிர்த்தும்.

இன்று பாத்திரக்கடையில் கிடைக்கும் சுவர்த்தாங்கியும் அந்த ஷேக்கர் சட்டத்தை நினைவூட்டும். ஒரு பட்டை; அதில் சரிவான பள்ளங்கள்; பள்ளந்தோறும் ரப்பர் பூசிய ஓர் உருளை. கோலைக் கீழிருந்து உள்ளே தள்ளினால் உருளை மேலேறி வழிவிடும். கையை விட்டதும் கோலின் எடை உருளையைக் கீழே இழுக்கும்; சரிவு குறுகுமிடத்தில் உருளை கோலை இறுகப் பற்றும். எடை மிகுமானால் பிடியும் மிகும். எடுப்பதற்குச் சற்றே மேலே தூக்கினால் போதும். தன் பாரமே தன்னைத் தாங்கும் இந்த ஏற்பாட்டில் யாப்பறிந்தோர்க்கு வியப்பு இராது.

பயனும் கண்கூடு. நுனி தரையில் ஊன்றி நிற்கும் துடைப்பம் ஒருபுறமாய் வளைந்து விரைவில் கெடும். தொங்குவது நேராக நிற்கும். ஈரத் துடைப்பான் மூலையில் கிடந்தால் நாறும், நோய்க்கிருமி வளர்க்கும். தொங்கினால் காற்றில் உலரும். மண்தரையில் கிடத்திய ஈர்க்குக் கட்டைச் செல் அரிக்கும். சுவரில் தொங்கினால் தப்பும். உலரவேண்டிய ஊருக்குக் காற்றும் வேண்டுமென்றால், கயத்தாற்றில் அதற்குக் குறைவில்லை.

ஆனால் அத்தாங்கி நீண்ட கோலுக்காக ஆனது. கரிசல் வீட்டு ஈர்க்குமாற்றுக்குக் கோல் இல்லை. கட்டிய அடிதான் உண்டு. அதற்குக் கடைச்சரக்கு வேண்டியதில்லை. அடிக்கட்டில் ஒரு கயிற்று வளையம், சுவரில் ஓர் ஆணி. சாட்டைக்கு முளை அறைந்த தச்சர் இதற்கும் ஒன்று அறைந்திருக்கலாம். அறையாமல் விட்டது கைவினைக் குறையன்று, மனக்குறை.

சுவரில் ஆணி அடித்ததும் சாதி போய்விடுமா, என்று அவையில் ஒருவர் கேட்பின், அக்கேள்வி நேரியது. போகாது. கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் அதனினும் விரிந்த ஒரு சட்டமும் வந்தன. கழிவுநீர்க் குழியில் இறங்கி மாண்டோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. 2014 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில் பெரியோர் பலர் துடைப்பம் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டனர். படம் எடுத்து முடிந்தபின் அந்தத் துடைப்பங்களை வாங்கிக்கொண்ட கைகள் படத்தில் இல்லை.

எனினும் ஆணி வீண் அன்று. கதவிடுக்கில் மறைந்து கிடக்கும் பொருளை எடுக்கக் குனிய வேண்டும். குனிந்து பழகியவரே எடுப்பார். கண்மட்டத்தில் தொங்கும் பொருள் வீட்டிலுள்ள எல்லோர் கண்ணிலும் படும். மகன் கைக்கும் எட்டும், கணவன் கைக்கும் எட்டும். "எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை" என்னும் ஆண்களின் பழைய சாக்கு ஓர் ஆணியில் முடிந்துபோகும். மறைக்க வேண்டிய பொருள் என்ற எண்ணம் போனபின், மறைக்க வேண்டிய வேலை என்ற எண்ணமும் தளரும். மறைக்க வேண்டிய மனிதர் என்ற எண்ணம் அதன்பின் நிற்பதற்கு இடம் தேடும்.

கரிசல் எழுத்து இவ்வழியில் முன்னே நடந்தது. கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையிலுள்ள இடைசெவலில் பிறந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன், ஏட்டில் ஏறாத மக்கள் சொற்களைத் தேடித் தொகுத்துக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஆக்கினார். கதவிடுக்கில் கிடந்த சொற்களை எடுத்து, எல்லோரும் காணச் சுவரில் மாட்டிய செயல் அது. அவ்வூரிலேயே பிறந்த கு. அழகிரிசாமியும், ஆண்டிபட்டியில் பிறந்த பூமணியும் சொற்களோடு நில்லாது மனிதர்களையும் அவ்வாறே முன்கொணர்ந்தனர்.

பத்தாண்டு நிறைவு காணும் வட்டத்தின் கவிஞர்களுக்கு வேண்டுகோள் ஒன்றுண்டு. விளக்குமாற்றைப் பாடுக என்பதன்று அது. பாடியபின்னும் அது கதவிடுக்கில் கிடக்குமாயின் பாட்டால் பயனில்லை. இவ்விழா முடிந்ததும் இந்த மண்டபத்தைப் பெருக்க ஒருவர் வருவார். அவர் வரும்வரை சிலர் காத்திருந்து, கூடவே ஒரு விளக்குமாறு எடுக்கலாம். வேலை முடிந்தபின் அதை மாட்டிவைக்கச் சுவரில் ஓர் ஆணியும் அடிக்கலாம்.

பட்டுக்குஞ்சம் வேண்டா. கயிற்று வளையம் போதும்.